ஒரு ரேடியோ, ஊரெல்லாம் ஸ்பீக்கர்

"ஹால்ல ஸ்டீரியோ ரிசீவர் இருக்கு. அங்கிருந்து சமையல்கட்டு, பெட்ரூம், மொட்டைமாடின்னு ஒயர் இழுத்து ஸ்பீக்கர் மாட்டிக்கலாமா?"

புதுசா பாட்டுப்பெட்டி வாங்குற நண்பர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. நான் பொட்டி தட்டுறவன்தான். ஆனாலும் இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்கு என்கிட்டதான் கேட்பாங்க. பதில் கடைசியில வருது. அதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம். ஏன்னா ஒரு பெட்டியில இருந்து பல இடத்துக்குச் சத்தத்தைப் பிரிச்சுக் கொடுக்கிறது நம்ம ஊருக்குப் புதுசில்லைங்க.

தமிழ்நாட்டுல ரேடியோ ஆளுக்கொண்ணுன்னு ஆரம்பிக்கவே இல்லை. 1924ல் சென்னையில ஒரு ரேடியோ கிளப் ஒலிபரப்பை ஆரம்பிச்சு, காசில்லாம 1927ல் மூடிட்டாங்க. அந்த டிரான்ஸ்மிட்டரை வாங்கின சென்னை மாநகராட்சி 1930ல் இருந்து தினமும் சாயங்காலம் நிகழ்ச்சி நடத்துச்சு. செட்டு வாங்க வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? அதனால கடற்கரை மாதிரி பொது இடங்கள்ல ஒலிபெருக்கி வச்சாங்க. 1938ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939ல் திருச்சி நிலையமும் வந்துச்சு. கோவைக்கு சொந்த நிலையம் கிடைச்சது 1966ல்தான்.

இந்தப் பக்கம் கோவையில 1932ல் பைகாரா மின்சாரம் உற்பத்தி ஆரம்பிச்சதும் மில்லுங்க மளமளன்னு முளைச்சது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கே செஞ்சு தரமுடியும்னு ஜி.டி. நாயுடு 1941ல் அறிவிச்சார். ஆனா கிராமத்து சம்சாரிக்கு அந்த 70 ரூபாயே பெரிய காசு. அதனால ஊருக்கு ஒரு செட்டு. பஞ்சாயத்து ஆபீஸ்லயோ பூங்காவுலயோ பெட்டியைப் பூட்டி வச்சு, வெளிய கம்பத்துல குழாய் ஸ்பீக்கர். செய்தி, விவசாயிகள் நிகழ்ச்சி, பாட்டு எல்லாம் அதுலதான்.

இதுல ஒரு விசயம் கவனிங்க. யார் திண்ணையில யார் உட்காரலாம்னு ஊர் முடிவு பண்ணும். கம்பத்துல இருந்து வர்ற சத்தம் எந்தத் தெருவுக்குள்ள போகணும்னு ஊரால முடிவு பண்ண முடியாது. செட்டு பக்கத்துல நிக்க முடியாதவங்க காதுக்கும் செய்தி போய்ச் சேர்ந்துடும்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரு பெட்டியில எத்தனை ஸ்பீக்கர் மாட்டலாம்? ஒரு ஸ்பீக்கர் 8 ஓம்னு வச்சுக்கங்க. பேரலல்ல ரெண்டு மாட்டினா 4 ஓம், நாலு மாட்டினா 2 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபையர் அதிக கரண்டைத் தள்ளணும். சூடாகும், அணையும், இல்லேன்னா புகையும். இன்னொரு பிரச்சினை ஒயர். நூறு மீட்டர் தள்ளி ஒரு 8 ஓம் ஸ்பீக்கர், போக வர ஒயரோட ரெசிஸ்டன்ஸ் 4 ஓம்னா, மூணுல ஒரு பங்கு பவர் ஒயர்லயே சூடாப் போயிடும்.

மாரியம்மன் நோம்பிக்கு ஊர் எல்லை வரைக்கும் பத்து குழாய் கட்டுற மைக்செட்காரர் இதை எப்படிச் சமாளிக்கிறார்? அவரோட ஆம்ப்ளிஃபையர் பின்னாடி பாருங்க. 4, 8, 16 ஓம்னு திருகுகளுக்குப் பக்கத்துல 70 வோல்ட், 100 வோல்ட்னும் இருக்கும். லைன்ல 100 வோல்ட்ல அனுப்பிட்டு, ஒவ்வொரு குழாய்கிட்டயும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வச்சு இறக்கிக்குவார். 100 வாட்ஸை 8 ஓம்ல நேரா கொடுத்தா சுமார் மூன்றரை ஆம்பியர் ஓடும். 100 வோல்ட் லைன்ல 1 ஆம்பியர் போதும். ஒயர் நஷ்டம் கரண்டோட வர்க்கத்துல ஏறுறதால பன்னிரண்டரை மடங்கு மிச்சம். அப்புறம் ஓம் கணக்கே வேண்டாம். பத்து வாட்ஸ் குழாய் பத்து, மொத்தம் நூறு, ஆம்ப்ளிஃபையரும் நூறு, முடிஞ்சது.

நீலகிரியில இருந்து கோவைக்கு பைகாரா மின்சாரம் வந்ததும் இதே வழியிலதான். உயர் அழுத்தத்துல அனுப்பி, ஊர்கிட்ட டிரான்ஸ்ஃபார்மர் வச்சு இறக்கறது. ரெண்டும் ஒரே பாடம்.

இதையே வீட்டுக்கு வீடு செஞ்சவங்களும் உண்டு. சிங்கப்பூர்ல 1949ல் ரீடிஃப்யூஷன் வந்துச்சு. மாசம் அஞ்சு டாலர் கட்டினா ஒயர் இழுத்து ஒரு ஸ்பீக்கர் பெட்டி மாட்டிடுவாங்க. ஆன்டெனா வேண்டாம், செட்டும் வேண்டாம். ஆனா அவங்க அனுப்புறதைத்தான் கேட்கணும். 2012ல் அதை மூடிட்டாங்க. பிரிட்டன்ல 1940ல் ஃபேக்டரி ஸ்பீக்கர்களுக்காகவே பிபிசி ஒரு இசை நிகழ்ச்சி ஆரம்பிச்சுது. வேலை வேகமா நடக்கணுமாம்! திருப்பூர் பனியன் கம்பெனியில ஓவர்லாக் சத்தத்துக்கு நடுவுல பாட்டு ஓடறதைக் கேட்டவங்களுக்கு இது புதுசா இருக்காது. டீக்கடைக்காரங்க இன்னும் ஒரு படி மேல. ஸ்பீக்கரை மண்பானை வாயில கவுத்து வச்சு பேஸ் வரவச்சாங்க.

இது எல்லாத்துலயும் பொதுவா ஒண்ணு இருக்கு. கேட்கிறவன் கையில சுவிட்ச் இல்லை. செய்தியைக் கொண்டுவந்த அதே குழாய்தான் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையையும், காய்ச்சல்ல படுத்திருக்கிற பெரியவரையும் தூங்க விடாது. 2000ல் வந்த ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10ல் இருந்து காலை 6 வரை பொது இடத்துல ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. மத்த நேரத்துக்கும் எழுத்துல அனுமதி வேணும். வருஷத்துல 15 நாள் வரைக்கும் ராத்திரி 12 மணி வரை அரசு விலக்கு கொடுக்கலாம். கணக்கு சரியா இருக்கு. ராத்திரி பத்தரைக்கு "கொஞ்சம் குறைங்க"ன்னு ஊர்ல யார் போய்ச் சொல்றதுங்கறதுதான் பிரச்சினை.

இப்போ நண்பருக்குப் பதில். வீட்டு ரிசீவர்ல 100 வோல்ட் லைன் கிடையாது. பின்னாடி குறைஞ்சபட்ச ஓம் எவ்வளவுன்னு போட்டிருக்கும், அதுக்குக் கீழ போகாதீங்க. நாலு 8 ஓம் ஸ்பீக்கரை ரெண்டு ரெண்டா சீரியஸ்ல கோத்து, அந்த ரெண்டு ஜோடியையும் பேரலல்ல சேர்த்தா மறுபடி 8 ஓமே வரும். ஸ்டீரியோன்னா லெஃப்டுக்கும் ரைட்டுக்கும் தனித்தனியா இதைச் செய்யணும். நிறைய ரூம்னா இம்பீடன்ஸ் மேட்சிங் உள்ள செலக்டர் பெட்டி வாங்கிக்கங்க. முக்கியமா, ரூமுக்கு ஒரு வால்யூம் கன்ட்ரோல் வைங்க. நீங்க ஹால்ல போடுற பாட்டைச் சமையல்கட்டுல இருக்கிறவங்க கேட்டே ஆகணும்னு சட்டமில்லை பாருங்க.

உங்க ஊர்ல பஞ்சாயத்து ரேடியோ எங்க இருந்துச்சு? சாவி யார்கிட்ட இருந்துச்சு? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.