அதிரப்பள்ளி நீர்மின் திட்டமும் காடர் உரிமைகளும்

அதிரப்பள்ளி நீர்மின் திட்டம் என்பது இந்தியாவின் கேரள மாநிலத்தில், சாலக்குடி ஆற்றின் குறுக்கே அம்மாநில மின்வாரியம் அமைக்க முனைந்த 163 மெகாவாட் திறனுள்ள மின்திட்டம் ஆகும். அதிரப்பள்ளி அருவிக்கு மேலே, வாழச்சால் காட்டில் 23 மீட்டர் உயர அணை திட்டமிடப்பட்டது. அருவி வற்றிவிடும் என்பதே ஊடகங்களில் பெரிதும் பேசப்பட்டது. ஆனால் நேரடியாகப் பாதிக்கப்படக் கூடியவர்கள் அங்கு வாழும் காடர் என்னும் பழங்குடியினர் ஆவர்.

காடர்

காடர்கள் ஆனைமலைத் தொடரில் தேன், குங்கிலியம் முதலியன சேகரித்தும், ஆற்றில் மீன் பிடித்தும் வாழ்பவர்கள். தமிழ்நாட்டில் வால்பாறைப் பகுதியிலும் இவர்கள் உள்ளனர். கேரளத்தில் இவர்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் உள்ளனர். தமிழ்நாட்டில் அப்பட்டியலில் இல்லை. மலை ஒன்று, மக்களும் ஒன்றே, பட்டியல்கள்தான் வேறு. பெரிங்கல்குத்து, சோலையாறு முதலிய அணைகளுக்காக முன்னரே இடம்பெயர்க்கப்பட்டவர்கள் என்பதால், வாழச்சால், பொகலப்பாறைக் குடியிருப்புகளைப் பாதிக்கும் இன்னொரு அணையை எதிர்த்தனர்.

மின் உற்பத்தி

திட்டத்தின் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 233 மில்லியன் யூனிட் என மதிப்பிடப்பட்டது. 163 மெகாவாட் நிலையம் ஆண்டு முழுதும் முழுத்திறனில் இயங்கினால் சுமார் 1,428 மில்லியன் யூனிட் கிடைக்கும். அதாவது எதிர்பார்க்கப்பட்டது அதில் ஆறில் ஒரு பங்கே. உச்சநேரத் தேவைக்கான நிலையம் என்பது வாரியத்தின் விளக்கம். 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இந்திய அரசு 2019 இல் அறிவித்தது. பெயர் மாறியதால் அணையில் மூழ்கும் நிலம் குறைவதில்லை.

சட்ட நிலை

பொதுமக்கள் கருத்துக்கேட்பு முறையாக நடைபெறாததால், சுற்றுச்சூழல் அனுமதியைக் கேரள உயர்நீதிமன்றம் 2001 இலும் 2006 இலும் நீக்கியது. 2007 இல் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழு 2011 இல் திட்டத்தை ஏற்கக் கூடாது எனப் பரிந்துரைத்தது.

வன உரிமைச் சட்டம் (2006) நிலையை மாற்றியது. வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கிராமசபையின் ஒப்புதல் தேவை என 2009 இல் மத்திய அரசு சுற்றறிக்கை வெளியிட்டது. 2014 இல் வாழச்சால் வனக்கோட்டத்தின் ஒன்பது பழங்குடிக் குடியிருப்புகள் ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மீது சமூக வனவள உரிமை பெற்றன. அணைக்கான இடமும் இப்பரப்பில் அடங்கும். எனவே, கருத்துக் கேட்கப்பட வேண்டியவர்களாக மட்டும் இருந்த காடர்கள் ஒப்புதல் தர வேண்டியவர்கள் ஆயினர். பழங்குடிகளின் முன்னொப்புதலை வலியுறுத்தும் ஐக்கிய நாடுகள் சாற்றுரைக்கும் இந்தியா 2007 இல் ஆதரவாக வாக்களித்திருந்தது.

2020 இல் கேரள அரசு மின்வாரியத்துக்குத் தடையின்மைச் சான்று அளித்ததும் எதிர்ப்பு மீண்டும் எழுந்தது, கட்டுமானம் தொடங்கவில்லை. இதனிடையே, வன உரிமைகள் நிறைவேற்றப்பட்டதா எனப் பார்க்கும் பொறுப்பை 2022 ஆம் ஆண்டு வனப் பாதுகாப்பு விதிகள் மாநில அரசுகளிடம் விட்டன. இத்தகைய திட்டங்களில் அணையைக் கட்ட விரும்புவதும் அதே மாநில அரசின் நிறுவனமே ஆகும்.