பாடசாலைகளில் போதைத் தடுப்பும் பாலியல் சுகாதாரக் கல்வியும்

போதைப்பொருள் தடுப்பையும் பாலியல், இனப்பெருக்கச் சுகாதாரத்தையும் வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு ஆட்கள் வந்து சொல்லிப்போகும் விடயங்களாக விடாமல், ஒரே பாடத்தொடரில் கற்பிக்கும் முறை இது. இரண்டு ஆபத்துகளும் பெரும்பாலும் ஒரே வயதில், ஒரே கூட்டாளிகள் நடுவே வருகின்றன. போதையில் இருப்பவர் தலையாட்டினாலும் அது சம்மதம் ஆகாது. போதைக்குக் காசில்லாத பிள்ளையைப் பாலியல் சுரண்டலுக்கு இழுப்பது எளிது. ஊசியைப் பகிர்ந்தாலும் பாதுகாப்பற்ற உடலுறவாலும் எச்.ஐ.வி. தொற்றும். பதின்ம வயதின் இடர் நடத்தைகள் ஒன்றையொன்று தொடர்ந்து வருவதை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ஜெசர் 1970களிலேயே எடுத்துக்காட்டினார்.

யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் கடனீரேரிக் கரையில் இருக்கும் கொழும்புத்துறை போன்ற ஊர்களின் பெற்றோருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பாக்கு நீரிணை வழியாக வரும் கேரளக் கஞ்சா குடாநாட்டுக் கரைகளில் அடிக்கடி பிடிபடுகிறது. ஹெரோயினும் ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெட்டமைனும் அண்மைய ஆண்டுகளில் பெருங்கவலையாகிவிட்டன. பாடசாலைப் பிள்ளைகளைக் குறிவைப்பது மாவா. பாக்கும் புகையிலையும் கலந்த சிறு பொதி அது. புகை வராததால் ஆசிரியர் கண்ணில் படுவதில்லை. இலங்கைச் சட்டமும் இரண்டு ஆபத்துகளையும் தொடுகிறது. 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலையும் மதுவும் விற்பதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2022இல் ஐஸ் கடத்தலுக்கு மரண தண்டனை வரை விதிக்க வழிசெய்யப்பட்டது. பாலுறவுக்கான சம்மத வயது 1995 முதல் 16.

இலங்கையில் போதைத் தடுப்புக்கும் பாலியல் சுகாதாரத்துக்கும் ஏற்கெனவே ஒரே வீடு உண்டு: 6 முதல் 9ஆம் தரம் வரை கட்டாயமான ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ பாடம். குறை கற்பித்தலில் இருக்கிறது. இனப்பெருக்க அலகு வந்ததும் “வீட்டில வாசியுங்கோ” என்று புத்தகத்தை மூடும் வகுப்புகள் பல. போதை பற்றிய பேச்சோ ஆண்டுக்கொருமுறை மண்டபத்தில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டத்தோடு முடிகிறது. ஏழாந் தரத்துக்கென அச்சான இனப்பெருக்கச் சுகாதார நூல் ‘ஹதே அபே பொத’ பௌத்த துறவிகள் உள்ளிட்டோரின் எதிர்ப்பால் நிறுத்தப்பட்டது.

பயமுறுத்தும் படங்களும் ஒருநாள் விரிவுரையும் பலன் தருவதில்லை என்பதைப் போதைத் தடுப்புக்கான சர்வதேச நியமங்கள் (2013, திருத்தம் 2018) தெளிவாகச் சொல்கின்றன. 1983இல் லொஸ் ஏஞ்சலிஸில் பொலிஸார் வகுப்பெடுத்துத் தொடங்கிய ‘டெயார்’ திட்டம் உலகெங்கும் பரவியும், நீடித்த மாற்றம் எதையும் ஆய்வுகள் காணவில்லை. இந்தியா 2020இல் தொடங்கிய பாடசாலைச் சுகாதாரத் திட்டம் வேறு வழியில் போகிறது. அதன் 11 கருப்பொருள்களில் போதைத் தடுப்பும் இனப்பெருக்கச் சுகாதாரமும் பால்நிலைச் சமத்துவமும் இணையப் பாதுகாப்பும் அடக்கம். வெளியாரை நம்பாமல் ஒவ்வொரு பாடசாலையிலும் இரு ஆசிரியர்களுக்கே, இயன்றவரை ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும், பயிற்சி தருகிறது.

பலன் தரும் வகுப்பில் பிள்ளைகள் பேசிப் பழகுகிறார்கள். டியூசன் விட்டு வரும் வழியில் கூட்டாளி பொதியை நீட்டி, “ஒருக்கா வாயில போட்டுப் பார், மச்சான்” என்கிறான். மறுக்கும் சொல், நகரும் வழி, பிறகு யாரிடம் சொல்வது என்ற மூன்றையும் நடித்துப் பார்க்கிறார்கள். அடுத்த வாரம் அதே பயிற்சி. இப்போது கைப்பேசியில் வருவது “உன்ர படம் ஒண்டு அனுப்பு” என்ற செய்தி. வாய்விட்டுக் கேட்கக் கூசும் கேள்விகளுக்குப் பெயர் எழுதாத துண்டுகள் இடும் பெட்டி இருக்கும். ஆண் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு நடத்தும் பாடம் இங்கே பாதிப் பாடந்தான்.

பல பாடத்திட்டங்கள் வகுப்பில் எவரும் இன்னும் பாதிக்கப்படவில்லை என்ற எண்ணத்தில் எழுதப்படுகின்றன. மாவா போட்டவரும் துன்புறுத்தலுக்கு ஆளானவரும் அதே வாங்கில் இருக்கக்கூடும். அதனால் உதவி கிடைக்கும் இடங்களும் பாடத்தின் பகுதியாகின்றன: பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம். அந்தச் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோயாளியின் விபரம் வெளியே போகாது.