சமாதானப் பட்டாளம்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்கள் பாடாலூரைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சின்ன வெங்காய மூட்டைகளுடன் நாலு லாரிகள், ஒரு டீக்கடை, அப்புறம் வெட்டவெளி. அதற்குள் பஸ் ஊரைத் தாண்டிவிடும். ஆனால் இந்தப் பக்கத்துச் சாலை அன்னியச் சிப்பாய்களை நன்றாக அறிந்த சாலை. 1751-ல் வாலிகண்டபுரத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் அடிவாங்கிய இங்கிலீஷ் படை, பக்கத்து ஊட்டத்தூர் வழியாகத்தான் திருச்சிக்குப் பின்வாங்கியது. ஆர்க்காட்டு நவாப் பட்டம் முகமது அலிக்கா, சந்தா சாகிபுக்கா என்பது வழக்கு. உதவிக்கு என்று வந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்று, பிறகு போகவே இல்லை!

அயலார் சண்டையில் பட்சமில்லாமல் நிற்பதற்கென்றே ஒரு பட்டாளம் என்பது நம் காலத்து யோசனை. அதைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியது பாடாலூர் டீக்கடையில்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். 1987-ல் இந்திய அமைதிப் படையுடன் யாழ்ப்பாணம் போனவராம்.

"முதல் மாசம் மாலை போட்டாங்க சார். ஒரு ஆத்தா வெறுந்தேத்தண்ணியும் கடிச்சுக்கப் பனங்கட்டியும் குடுத்து, 'குடி தம்பி'ன்னாங்க. அக்டோபர்ல அதே சந்துல போறேன். அதே கதவு. சாத்தியிருக்கு" என்றார்.

அந்த இரண்டு மாதத்தில் நடந்தது என்ன? ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே அணிவகுப்பு மரியாதையில் ஒரு சிங்களக் கடற்படைச் சிப்பாய் ராஜீவைத் துப்பாக்கியால் அடித்தான். தமிழ்ப் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றது ஒப்பந்தம். ஆனால் அவர்களுடைய கையெழுத்து அதில் இல்லை. செப்டம்பர் 26-ல் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5-ல், இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட புலிகளில் 12 பேர் சயனைடு தின்று மாண்டார்கள். 10-ம் தேதி வாக்கில் யுத்தம் மூண்டுவிட்டது. 21-ம் தேதி தீபாவளி. அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் சிப்பாய்கள் சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 60-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். இதை எழுதும்போது பேனா தயங்கத்தான் செய்கிறது. ஆனாலும் எழுதாமல் விடுவது தர்மமல்ல.

பெரியவர் பேசப் பேச எனக்குச் சைப்ரஸ் தீவு ஞாபகம் வந்தது. அங்கே கிரேக்கர்களுக்கும் துருக்கியர்களுக்கும் 1963 டிசம்பரில் கலவரம் மூண்டபோது, முதலில் குறுக்கே நின்றது பிரிட்டிஷ் பட்டாளம். ஒரு பிரிட்டிஷ் ஜெனரல் வரைபடத்தின்மீது பச்சைப் பென்சிலால் கோடு கிழித்து நிக்கோசியா நகரத்தை இரண்டாக்கினார். அது இன்றும் பச்சைக்கோடுதான். ஆனால் பிரிட்டன் அந்தத் தீவின் பழைய எஜமானன். அங்கே அதற்குச் சொந்தத் தளங்களும் உண்டு. அதன் நடுநிலையை எத்தனை நாள் நம்புவார்கள்? 1964 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் சபை பல தேசத்துப் படையொன்றை அனுப்பியது. கனடாக்காரன், ஐரிஷ்காரன், ஸ்வீடன்காரன், பின்லாந்துக்காரன். அவர்களோடு பிரிட்டிஷ்காரனும் உண்டு, ஆனால் பலரில் ஒருவனாக. தற்காப்புக்கன்றிச் சுடக்கூடாது என்பது விதி. படைக்கு முதல் தளபதியும் இந்தியர், அடுத்து வந்த குடகு நாட்டு ஜெனரல் திம்மையாவும் இந்தியர். திம்மையா 1965 டிசம்பரில் அந்தத் தீவிலேயே காலமானார். அடுத்த வருஷம் சைப்ரஸ் அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

சைப்ரஸ் படை எல்லாம் சாதித்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1974-ல் துருக்கிப் படை இறங்கியபோது அதனால் தடுக்க முடியவில்லை. தீவு பிளந்தது, பிளந்தபடியே இருக்கிறது. ஆயினும் அந்தப் படை இரு சாராருக்கும் சத்துருவாகிவிடவில்லை. யாழ்ப்பாணத்திலோ நாம் தனியாகப் போனோம். ஒரு காலத்தில் போராளிகளுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தவர்களும் நாம், கொழும்புடன் கையெழுத்திட்டவர்களும் நாம், பிறகு ஆயுதத்தைப் பிடுங்கப் போனவர்களும் நாமே. நம்முடன் நிற்க ஒரு ஸ்வீடன்காரன்கூட இல்லை. சிப்பாயின் குற்றமா இது? டில்லியில் போட்ட கணக்கின் குற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

சுமார் 1,200 பேரை அங்கே பறிகொடுத்துவிட்டு, 1990 மார்ச்சில் கடைசிப் படையும் திரும்பியது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. அந்தப் படையிலும் தமிழர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் என் எதிரே டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அம்மா களத்தில் வெங்காயத்துக்குத் தாள் அரிந்துகொண்டிருந்தாளாம். சோறு போட்டுவிட்டு, "அங்க நம்ம பாஷையாடா பேசுறாங்க?" என்று கேட்டாளாம்.

"ஆமாம்மான்னேன் சார். அப்புறம் அது ஒண்ணுமே கேக்கல."

திருச்சி பஸ் வந்துவிட்டது.