பதிக்குப் பள்ளியா, விடுதிக்குப் பிள்ளையா?

மலையில் பழங்குடியினர் வாழும் ஒரு பதியில் ஏழெட்டுப் பிள்ளைகளே இருந்தால் அவர்களுக்கென்று பள்ளிக்கூடம் திறப்பதா, அவர்களை விடுதிக்கு அனுப்புவதா? சர்க்கார்பதி மலசருக்கும், வால்பாறை நெடுங்குன்றின் காடருக்கும், உடுமலைக்கு மேலேயுள்ள குழிப்பட்டி, மாவடப்பு மக்களுக்கும், ஆனைகட்டி இருளருக்கும் இது ஏட்டுக் கேள்வி அன்று, வீட்டுக் கேள்வி.

விடுதியின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் மூன்று வேளையும் சோறு கிடைக்கும். யானை வழித்தடத்தைத் தினமும் கடக்க வேண்டியதில்லை. தங்கிப் படிப்பது கொங்கு மண்ணுக்குப் புதிதும் அன்று. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1930இல் கோவையில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தை ஒரே ஓர் அரிசன மாணவனோடு, குருகுலமாகத்தான் தொடங்கினார். அந்த ஒற்றை மாணவன் நமக்கு இன்னொன்றையும் சொல்கிறான்: தலையை எண்ணிப் பள்ளி தொடங்குவது கொங்கு மரபன்று.

ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் கதை வேறு. வீட்டில் இருளர் மொழியோ காடர் மொழியோ பேசி வளர்ந்தது, புத்தகத் தமிழையும் தாயில்லாத இரவையும் ஒரே நாளில் சந்திக்கிறது. பொங்கல் விடுப்புக்கு வீடு வந்த பிள்ளை திரும்பிப் போக மறுத்தால், பதிவேடு அதை ‘இடைநிற்றல்’ என்று எழுதிக்கொள்கிறது. இழப்பு ஏற்கெனவே பின்தங்கியவர்களுக்குத்தான்: 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 சதவீதம். பழங்குடியினரிடம் 54 சதவீதம்.

சிறு பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்ற பாடத்தை அமெரிக்கா பெரும் விலை கொடுத்துக் கற்றது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தாய்மொழியை மறக்கடிக்க 1879இல் கார்லைல் விடுதிப் பள்ளி எழுந்தது. 1928இல் மெரியம் குழுவின் அறிக்கை அந்த முறையைக் கண்டித்து, சிறு பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரும் பகல்நேரப் பள்ளியே மேல் என்றது. நம் விடுதிகளின் நோக்கம் அதுவன்று. எனினும் பிரிவின் வலிக்கு நோக்கம் தெரியாது.

பகல்நேரப் பள்ளியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ஓராசிரியர் பள்ளியில் ஆசிரியர் விடுப்பெடுத்தால் பள்ளிக்கே விடுப்பு. மழைக்காலத்தில் மலையேறுவது அவருக்கும் கடினம். அதற்கு மருந்து, பதியைச் சேர்ந்த, படித்த ஓர் இளைஞரையோ பெண்ணையோ துணையாசிரியராக அமர்த்துவது. பிள்ளையின் மொழியும் அவருக்குத் தெரியும், பாதையும் தெரியும்.

சட்டமும் கைகொடுக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ்த் தமிழக விதிகள் தொடக்கப் பள்ளியை 1 கிலோமீட்டருக்குள் கேட்கின்றன. ‘இது காட்டு நிலம், கட்ட முடியாது’ என்ற பதிலுக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மறுமொழி வைத்திருக்கிறது: கிராம சபை பரிந்துரைத்தால், 1 ஹெக்டேருக்கு உட்பட்டு, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், பள்ளிக்கு நிலம் ஒதுக்கலாம்.

என் தீர்ப்பு இது: ஐந்தாம் வகுப்பு வரை பள்ளி பதிக்கு வர வேண்டும், அதன்பின் விரும்பும் பிள்ளை விடுதிக்குப் போகட்டும். மலையில் பள்ளி திறக்க முன்வரும் பெரியோர்கள் கட்டட வரைபடத்தோடு போக வேண்டாம். நிலத்துக்கான பரிந்துரையைத் தர வேண்டியவர்கள் பதியின் மக்கள். முதலில் கேட்கப்பட வேண்டியவர்களும் அவர்களே.