பழவேற்காட்டில் உடல் சமநிலை

உடல் சமநிலை என்பது நிற்கையிலும் நடக்கையிலும் விழாதபடி உடலைக் காக்கும் திறன். மீஞ்சூர் ஒன்றியத்துப் பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பங்களில் அது அன்றாடப் பிழைப்பு. மாணவர்களுக்கோ அங்கே செலவில்லாத ஆய்வுக்கூடமே திறந்து கிடக்கிறது.

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. சராசரி ஆழம் ஏறக்குறைய 1 மீட்டர்தான் என்பதால் கழி ஊன்றியே படகைத் தள்ளலாம். நின்றபடி தள்ளுபவரின் கால்களைக் கவனிக்க வேண்டும். படகு ஆடினால் முழங்கால் தளர்கிறது, உடலின் நிறை மையம் தாழ்கிறது. பாதங்கள் அகல்கின்றன, தாங்கும் பரப்பு விரிகிறது. நிறை மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அந்தப் பரப்பைத் தாண்டினால் ஆள் சாய்வார். ஊன்றிய கழி மூன்றாவது கால் போல. அதை உருவும் நொடிதான் கடினம்: சேறு கழியைப் பிடித்திருக்கும், படகோ முன்னே நகர்ந்துவிடும்.

நீரில் இறங்கிக் கையால் இறால் துழாவும் இருளர் பெண்களின் திறன் இன்னும் நுட்பமானது. பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வதால் இரு கைகளும் நீருக்குள் வேலை செய்கின்றன. கலங்கல் நீரில் தரை தெரியாது. பாதத்தோலும் தசையும் மூட்டும் தரும் உணர்வே வழிகாட்டி. இதை வெறும் உடலுழைப்பு என்று ஒதுக்குவது அறியாமை.

சமநிலைக்கு இவ்வுணர்வோடு கண்ணும் உட்செவியும் வேண்டும். உட்செவியின் 3 அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்த்துகின்றன. இந்த உறுப்பு பற்றிய ஆய்வுக்காக ராபர்ட் பாராணி 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றார். ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடினால் உடல் கூடுதலாகத் தள்ளாடும். கண்ணின் பங்கு அப்போது விளங்கும். துணைக்கு ஒருவர் அருகில் நிற்பது அவசியம்.

நிறை மையத்தை அளக்கவும் முடியும். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொரெல்லி ஆளைப் பலகையில் கிடத்தி அதைக் கண்டறிந்தார். பள்ளியில் செய்ய ஒரு பலகையும் எடைத்தராசும் போதும். பலகையின் ஒரு முனைக்கடியில் மரக்கட்டை, 2 மீட்டர் தள்ளி மறுமுனைக்கடியில் தராசு. வெறும் பலகையின் அளவைக் கழித்துவிட வேண்டும். 160 செ.மீ. உயரமும் 50 கிலோ எடையும் உள்ள மாணவர், குதிகால் மரக்கட்டைக்கு நேர்மேலே வரும்படி படுக்கையில் தராசு 22 கிலோ காட்டினால், 22ஐ 2ஆல் பெருக்கி 50ஆல் வகுக்க 0.88 மீட்டர் வரும். குதிகாலிலிருந்து அவ்வளவு தொலைவில், உயரத்தின் 55 விழுக்காட்டில், மையம் இருக்கிறது. கைகளைத் தலைக்கு மேல் நீட்டினால் தராசின் அளவு கூடும், மையம் தலைப்பக்கம் நகரும். தலையில் மீன்கூடை ஏற்றும்போதும் இதுவே நிகழ்கிறது.