கிரெனோபிள் 1968: ஒரு முடிவுப் பட்டியலும் அதில் இல்லாத மூன்று பெயர்களும்

1968 பிப்ரவரியில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கின் மகளிர் லூஜ் போட்டி முடிவு மூன்று வரிகளில் அடங்கிவிடுகிறது. இத்தாலியின் எரிகா லெக்னர் 2 நிமிடம் 28.66 வினாடியில் தங்கம் வென்றார். மேற்கு ஜெர்மனியின் கிறிஸ்டா ஷ்முக் (2:29.37) வெள்ளியும், அதே நாட்டின் அங்கெலிகா டூன்ஹாப்ட் (2:29.56) வெண்கலமும் பெற்றனர். வினாடியின் நூறில் ஒரு பங்குவரை கணக்கிடப்பட்ட இந்த எண்களைக் காண்பவருக்கு ஐயம் எழக் காரணமில்லை.

எனினும் பனிப்பாதையில் உருவான வரிசை வேறு. முதலிடம், இரண்டாமிடம், நான்காமிடம் ஆகியவை ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு எனப்பட்ட கிழக்கு ஜெர்மனியின் வீராங்கனைகளுடையவை. ஓர்ட்ரூன் எண்டர்லைன், அன்னா மரியா முல்லர், அங்கேலா க்னோசல் ஆகிய மூவரும் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். மூன்றாவதாக இருந்த லெக்னர் முதலிடம் பெற்றார். ஐந்தாம், ஆறாம் இடங்களில் இருந்தவர்களுக்கு வெள்ளியும் வெண்கலமும் சேர்ந்தன. எண்டர்லைன் அறிமுகமற்றவர் அல்லர். லூஜ் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1964ஆம் ஆண்டு இன்ஸ்ப்ரூக்கில் தங்கம் வென்றவர் அவரே. 1965, 1967ஆம் ஆண்டுகளின் உலக வாகையரும் அவரே.

குற்றச்சாட்டைப் புரிந்துகொள்ள விளையாட்டின் இயல்பை அறிய வேண்டும். லூஜ் என்பது சிறிய சறுக்கு வண்டி. வீரர் அதன்மேல் மல்லாந்து படுத்து, கால்கள் முன்னே இருக்க, பனிக்கட்டிப் பாதையில் கீழ்நோக்கி விரைகிறார். வண்டிக்கு விசைப்பொறி இல்லை. ஈர்ப்பு விசையே அதை இழுக்கிறது. பனிக்கட்டியைத் தொடுவன இரண்டு எஃகு விளிம்புகள் மட்டுமே. அவற்றைச் சூடாக்கினால் தொடும் இடத்தில் பனி உருகி மெல்லிய நீர்ப்படலம் உண்டாகும், உராய்வு குறையும், வேகம் கூடும். முதல் சில நொடிகளில் கிடைக்கும் சிறு ஆதாயம் பாதை முழுவதும் தொடரும். இதனால்தான் விதி அதைத் தடை செய்திருந்தது. கிழக்கு ஜெர்மன் வீராங்கனைகள் மூவரும் இந்த விதியை மீறினர் என்பதே தீர்ப்பு.

அவ்வாண்டு வானிலையும் ஒத்துழைக்கவில்லை. வில்லார் டி லான் என்னும் மலையூரில் அமைந்த பாதை இயற்கைக் குளிரை நம்பியிருந்தது. வெப்பம் கூடியபோதெல்லாம் ஓட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. நான்கு ஓட்டங்களாக நடந்திருக்க வேண்டிய போட்டி மூன்றோடு முடிந்தது. அத்தகைய சூழலில்தான் நடுவர் குழுத் தலைவரான போலந்து நாட்டவர் லூசியான் ஸ்விடெர்ஸ்கி வண்டிகளின் விளிம்புகளைச் சோதித்து, அவை சூடாக இருப்பதாக முடிவு செய்தார்.

கிழக்கு ஜெர்மனி குற்றச்சாட்டை மறுத்து, இது மேற்கு ஜெர்மனியின் சதி என்றது. அந்த மறுப்பின் சீற்றம் அக்காலத்தின் அரசியலிலிருந்து பிறந்தது. 1956 முதல் 1964 வரை இரு ஜெர்மனிகளும் ஒரே கூட்டணியாகவே ஒலிம்பிக்கில் கலந்துகொண்டன. தனி அணியாக வரும் உரிமையைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 1965இல் கிழக்கு ஜெர்மனிக்கு வழங்கியது. ஆயினும் 1968இல் இரு அணிகளும் ஒலிம்பிக் வளையங்கள் பொறித்த ஒரே கொடியின்கீழ்தான் அணிவகுத்தன. இரண்டுக்கும் பொதுவான வெற்றிப்பண் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியிலிருந்து எடுக்கப்பட்டது. கிழக்கு ஜெர்மனியை அங்கீகரிக்கும் நாடுகளுடன் தூதரக உறவு கொள்வதில்லை என்பதே மேற்கு ஜெர்மனி அந்நாளில் பின்பற்றிய ஹால்ஸ்டைன் கோட்பாடு. இந்தியாவும் 1972 அக்டோபரில்தான் கிழக்கு ஜெர்மனியை முழுமையாக அங்கீகரித்தது. தூதரகம் திறக்க முடியாத தலைநகரங்களிலும் நாட்டின் பெயரை ஒலிக்கச் செய்ய அந்த அரசுக்குக் கிடைத்த வழிகளில் விளையாட்டு முதன்மையானது. அவ்வகையில் தனி அணியாகக் களமிறங்கிய முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே நேர்ந்த இந்தத் தகுதிநீக்கம் அரசுக்கு நேர்ந்த இழுக்காகவே கருதப்பட்டது.

சதி என்னும் வாதத்துக்கு ஒரு சான்று உண்டு: தகுதிநீக்கத்தால் இரண்டு பதக்கங்கள் மேற்கு ஜெர்மனிக்குச் சென்றன. ஆனால் பயன் பெற்றவரே சூழ்ச்சி செய்தவர் என்று கொள்வது தருக்கப் பிழை. தங்கம் சென்றது இத்தாலிக்கு. தீர்ப்பளித்தவரோ கிழக்கு ஜெர்மனியின் தோழமை நாடான போலந்தைச் சேர்ந்தவர். வார்சா ஒப்பந்த முகாமிலிருந்து வந்த ஒருவர் மேற்கு ஜெர்மனிக்காகத் தன் தோழமை நாட்டைப் பலியிட்டார் என்பதை நம்ப வலுவான ஆதாரம் தேவை. மேலும், அதே ஒலிம்பிக்கின் ஆடவர் தனிநபர் பிரிவில் கிழக்கு ஜெர்மனியின் தோமாஸ் கோலர் வெள்ளியும் கிளவுஸ் பொன்சாக் வெண்கலமும் பெற்றனர். இருவரும் இணைந்து இரட்டையர் தங்கத்தையும் வென்றனர். அணி முழுவதையும் ஒழிக்கும் திட்டம் இருந்திருப்பின் இப்பதக்கங்கள் எஞ்சியிரா.

எனினும் தீர்ப்பின் சான்றுநிலை வலுவானது என்றும் சொல்லிவிட முடியாது. ஓட்டத்தின் காலத்தை நூறில் ஒரு வினாடிவரை அளந்த போட்டி, ஓட்டத்தின் நேர்மையை அளக்க அதற்கு இணையான கருவி எதையும் வைத்திருக்கவில்லை. எவ்வளவு சூடு குற்றம், காற்றின் வெப்பநிலையோடு ஒப்பிட்டு அதை எவ்வாறு கணிப்பது என்பவற்றுக்கு எண்ணளவில் விடை இல்லை. பட்டியலின் ஒரு பாதி கடிகாரத்தாலும் மறுபாதி ஒரு மனிதரின் தீர்மானத்தாலும் எழுதப்பட்டது. இன்று இந்த இடைவெளி அடைக்கப்பட்டுள்ளது. போட்டி நடக்கும் இடத்தில் ஒப்பீட்டுக்காக வைக்கப்படும் எஃகு விளிம்பின் வெப்பநிலையைவிட வீரரின் வண்டி விளிம்பு 5 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கக்கூடாது. ஒவ்வொரு வண்டியும் கருவி கொண்டு சோதிக்கப்படுகிறது. விதிநூலின் இந்த வரி, 1968இல் எழுந்தது போன்ற ஐயங்களுக்கான விடையாகும்.

பின்னர் நிகழ்ந்தவற்றைக் கொண்டு முன்னர் நிகழ்ந்ததைத் தீர்மானிக்கும் வழக்கம் இங்கே இருவழியில் இடறச் செய்கிறது. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் லூஜின் 9 பதக்கங்களில் 8 கிழக்கு ஜெர்மனிக்குக் கிடைத்தன; மகளிர் தங்கம் வென்றவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் தகுதிநீக்கம் பெற்ற அதே அன்னா மரியா முல்லர். இதை அவர் 1968இல் குற்றமற்றவர் என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. மறுபுறம், கிழக்கு ஜெர்மன் அரசு 1974 முதல் ஊக்கமருந்தைத் திட்டமிட்டுப் பரப்பியது ஜெர்மன் இணைப்புக்குப்பின் வெளிவந்த ஆவணங்களால் உறுதியானது. இதைக் கொண்டு 1968ஐயும் குற்றமென்று முடிப்போரும் உண்டு. ஒருவரின் பிற்காலத் திறமை அவருடைய முற்காலச் செயலை விளக்காது. ஓர் அரசின் பிற்காலக் குற்றம் மூன்று வீராங்கனைகளின் ஒருநாள் செயலை மெய்ப்பிக்காது.

பட்டியலில் நாடுகளின் பெயர்களை மட்டும் வாசிப்போருக்குப் புலப்படாத செய்தி ஒன்றும் உண்டு. கிரெனோபிளில் லூஜின் மூன்று பிரிவுகளிலும் வழங்கப்பட்ட பதக்கங்கள் அனைத்தையும் பெற்றவர்கள் ஜெர்மன் மொழி பேசுவோரே. ஆடவர் தங்கம் ஆஸ்திரியாவின் மன்ஃப்ரெட் ஷ்மிடுக்குச் சென்றது. இத்தாலிக்குத் தங்கம் தந்த லெக்னரும் தெற்கு டிரோல் மலைப்பகுதியைச் சேர்ந்தவர். முதல் உலகப் போர்வரை ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்து, பின் இத்தாலியோடு இணைக்கப்பட்ட ஜெர்மன் மொழி நிலம் அது. ஆல்ப்ஸ் மலையும் அதை ஒட்டிய நிலமும் வளர்த்த ஒரு குளிர்கால விளையாட்டு, நான்கு அரசுகளின் பெயரில் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டது.

1968ஆம் ஆண்டின் முடிவு மாற்றப்படவில்லை. லெக்னரின் தங்கம் விதிப்படி அவருக்கு உரியது. அவர்மீது எவரும் குறை சொன்னதில்லை. ஆயினும் அந்த மூன்று வரிகளை ஆய்வில் எடுத்தாளும் மாணவர், 2:28.66 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஸ்விடெர்ஸ்கியின் பெயரையும் குறித்துக்கொள்வது நல்லது. அந்த எண்ணை முதலிடத்தில் நிறுத்தியது அவருடைய தீர்ப்பு.