கோட்டைச் சுவருக்குள் ஒரு கோயில்

திருக்கோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லாரும் ஒரு வாசலுக்குள்ளால்தான் போகவேண்டும். பிரெட்ரிக் கோட்டையின் வாசல். வானில் வாறவை வானுக்குள் இருந்தபடியே கடந்துவிடுவினம். நடந்து போறவை செருப்புக் கடையையும் மான்களையும் பார்த்துக்கொண்டே போய்விடுவினம். நாங்களும் சின்ன வயசிலிருந்து அப்படித்தான் போய் வந்தோம். அந்த வாசலின் நிலைக்கல்லில் மீன்கள் செதுக்கியிருப்பதும், அதோடு சிதைந்த தமிழ் எழுத்துகள் இருப்பதும் எங்களில் பலருக்குக் கம்பஸுக்கு வந்தபிறகுதான் தெரியும். கோயிலைத் தேடி உள்ளே போகிறோம். பழைய கோயிலின் ஒரு துண்டு வாசலிலேயே நிற்கிறது.

கட்டடக்கலை வரலாறு பற்றி வாசிக்கத் தொடங்கினால் இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்கள் அடிக்கடி உதாரணமாக வரும். ஒரே சுவரில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் அரைவட்ட வளைவு, அதற்குப் பக்கத்தில் நூறு வருசம் கழித்து வந்த கூர்வளைவு, அதற்கும் பிறகு கட்டின மணிக்கோபுரம். சுவரைப் பார்த்தே எந்தக் காலத்தில் எது சேர்ந்தது என்று சொல்லலாம். கட்டடம் நின்று பிடித்ததால்தான் அது முடிகிறது. கோணேசர் கோயிலுக்கு அந்த வசதி இல்லை. இப்ப மலை உச்சியில் நிற்கிற கோயில் சுதந்திரத்துக்குப் பிறகு எழுந்தது. 1963-இல் அதற்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அதன் சுவரை எவ்வளவு நேரம் பார்த்தாலும் மத்திய காலம் தெரியாது. மத்திய காலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கோட்டைச் சுவரையும், கடலையும், வேறு ஊர்களில் கிடைத்த கல்வெட்டுகளையும் பார்க்கவேண்டும். எங்கட கோயிலின் கட்டட வரலாறு கோயிலுக்கு வெளியேதான் சிதறிக் கிடக்கிறது.

இடிப்பின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினான். 1622 சித்திரைப் புத்தாண்டு அன்று, சாமி ஊர்வலமாக நகருக்குள் போயிருந்த நேரம், பறங்கியர் பிராமண வேடத்தில் உள்ளே நுழைந்தார்கள் என்று ஊரில் சொல்லுவினம். வேடக் கதை மரபுக் கதை. ஆனால் கோயில் கல்லில் கோட்டை எழுந்தது மரபுக் கதை இல்லை. கோவாவில் இருந்த யேசுசபைப் பாதிரியார் பெர்ணாவ் டி குவேய்ரோஸ் 1687-இல் முடித்த தன் இலங்கை வரலாற்றில் இதைத் தெளிவாகவே எழுதுகிறார். அவர் கணக்கில் அந்த மலையில் கோயில் ஒன்றல்ல, மூன்று.

இந்த மூன்று என்ற எண் முக்கியம். இன்றைக்கு நாங்கள் கோணேசர் கோயில் என்றால் உச்சியில் ஒரு கட்டடத்தை நினைக்கிறோம். பழைய அமைப்பு மலை முழுக்கப் பரந்த ஒரு கோயில் தொகுதி. நகரிலிருந்து நடந்து வருகிற பக்தர் ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்கு ஏறிப் போயிருப்பார். அந்தப் பாதையில்தான் இப்ப கோட்டையும் இராணுவ முகாமும் இருக்கின்றன. கோட்டைக்கும் அதே நிலம்தான் வேண்டியிருந்தது: மூன்று பக்கமும் கடல், ஒரு பக்கம் மட்டும் ஒடுங்கிய தரை, கீழே கப்பல்கள் ஒதுங்குகிற துறை. கோயில் கட்டினவர்களும் பீரங்கி வைத்தவர்களும் ஒரே காரணத்துக்காகவே அந்த மலையைத் தேர்ந்தார்களோ என்று எங்களுக்கு ஒரு யோசனை. தூரத்துக் கப்பலில் வாறவனுக்கு முதலில் தெரியிற இடம் அதுதான்.

கல்லைப் பிடுங்கிக் கோட்டை கட்டுவது பறங்கியர் மட்டும் செய்த வேலையுமில்லை. எட்டாம் ஹென்றி 1536-க்கும் 1540-க்கும் இடையில் இங்கிலாந்தின் மடாலயங்களைக் கலைத்தான். அதே காலத்தில் பிரான்சுக்குப் பயந்து தென்கரையில் கோட்டைகளும் கட்டினான். பியூலி மடாலயத்தின் கல்லும் ஈயமும் பக்கத்தில் இருந்த கால்ஷாட் கோட்டைக்குப் போயின. சொந்த நாட்டு, சொந்த மதக் கட்டடத்துக்கே அந்தக் கதி. வெட்டித் தயாராக இருக்கிற கல், பக்கத்திலேயே கட்டவேண்டிய சுவர், அவசரத்தில் இருக்கிற அரசாங்கம்: மூன்றும் ஒன்றாய் வந்தால் கட்டடம் கல்குவாரியாகிவிடும். இதைச் சொல்வது டி சாவின் குற்றத்தைக் குறைக்க இல்லை. மடாலயம் போனாலும் ஆங்கிலேயக் கிராமத்தவனுக்குத் தன் ஊர்த் தேவாலயம் மிஞ்சியது. இங்கே அதுவும் மிஞ்சவில்லை.

சரி, வாசல் கல்லுக்கு வருவோம். அதில் இருப்பது புகழ்பெற்ற ‘தீர்க்கதரிசனக்’ கல்வெட்டு. குளக்கோட்டன் கட்டினதைப் பின்னாளில் பறங்கி இடிப்பான் என்று முன்கூட்டியே சொன்ன பாட்டு எண்டு பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்கள். குவேய்ரோஸும் மலையில் இப்படி ஒரு கல்லெழுத்து இருந்ததையும், அதை மொழிபெயர்த்து வாங்கியதையும் குறிப்பிடுகிறார். ஆனால் எழுத்தின் வடிவத்தைப் பார்த்த ஆய்வாளர்கள் அதைப் பதினாறாம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். பறங்கி இலங்கைக்கு வந்தது 1505-இல். 1560-இல் யாழ்ப்பாணத்தில் படையிறக்கியும் விட்டான். அதாவது இந்தக் கல்லை வெட்டினவருக்கு ஞானதிருட்டி தேவைப்பட்டிருக்காது. மேற்குக் கரையிலும் வடக்கிலும் கோயில்களுக்கு என்ன நடக்கிறது என்ற செய்தி வந்து சேர்ந்திருந்தால் போதும். எங்களுக்கு இந்த விளக்கம்தான் தீர்க்கதரிசனத்தைவிடக் கனமாகத் தெரிகிறது. தங்களுக்கும் அது வரும் என்று தெரிந்த ஆட்கள், இன்னும் நின்றுகொண்டிருந்த கோயிலில் அதை எழுதி வைத்தார்கள்.

அந்த மீன்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. இரட்டைக் கயல் பாண்டியர் சின்னம். புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில் வீரபாண்டியனின் கல்வெட்டு ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை மேல் படையெடுத்து வந்து, கோணமலையில் கயல் பொறித்ததாக அது சொல்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு மலையில் எழுதின பெருமையும், இங்கே கோட்டை வாசலில் இருக்கிற மீனும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்கின்றன. அரசர்கள் கல்வெட்டில் அடிக்கிற பெருமையை அப்படியே நம்பக்கூடாது எண்டு விரிவுரைகளில் திரும்பத் திரும்பச் சொல்லித் தருவினம். இந்த ஒரு இடத்தில் நம்ப ஆசையாக இருக்கிறது.

அதற்கும் முன்னால் போனால் சோழர். நிலாவெளியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, திருக்கோணமலை மத்ஸ்யகேஸ்வரத்து மகாதேவருக்கு 250 வேலி நிலம் விடப்பட்டதைச் சொல்கிறது. கோயில் எவ்வளவு பெரியது என்று தெரிய ஆசைப்படுகிறவர்கள் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்ளவேண்டும். கோபுரத்தின் உயரமோ தூண்களின் தொகையோ தெரியாவிட்டாலும், நாளாந்தப் பூசைக்கு 250 வேலியின் விளைச்சல் வேண்டியிருந்த ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்ய முடியும். பெயரையும் கவனியுங்கோ. மத்ஸ்யம் என்றாலும் மீன்தான். பாண்டியன் வர முன்னமே இந்த மலையில் மீன் பெயர் இருந்திருக்கிறது.

அடுத்தது 1223. கோட்டைக்குள் நிலைக்கல்லாகப் போன இன்னொரு கல்லில் கிரந்த எழுத்தில் சம்ஸ்கிருத வாசகம். சக ஆண்டு 1145-இல் சோடகங்க தேவன் என்ற ஒருவன் கோகர்ணத்துக்கு வந்ததை அது சொல்கிறது. நம் கோணேசர் கல்வெட்டு என்ற நூல் (பெயர்தான் கல்வெட்டு, கல்லில் இல்லை, ஏட்டில் வந்தது) கோயிலைக் கட்டி, குளம் வெட்டி, ஆட்களைக் குடியேற்றினவன் என்று சொல்கிற குளக்கோட்டன் இந்தச் சோடகங்கன்தான் என்று பேராசிரியர் பத்மநாதன் போன்றவர்கள் கருதுகிறார்கள். குளமும் கோட்டமும் கட்டினவன் குளக்கோட்டன். அப்படிப் பார்த்தால் அது பெயரே இல்லை, பட்டம். இது ஏற்றுக்கொள்ளத்தக்கதாகவே எங்களுக்குப் படுகிறது, ஆனால் முடிந்த முடிவு இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் சண்டை பிடிக்கவேண்டியிருக்கிறது, அதுவும் எங்கட ஆக்களோடு. யூடியூபில் கோணேசர் கோயில் என்று தேடிப் பாருங்கள். ஆயிரங்கால் மண்டபம், உலகத்திலேயே பெரிய கோயில், கடலுக்கடியில் முழு நகரம், இராவணன் கட்டின விமான நிலையம். இராவணன் வெட்டைப் பார்த்து அந்தக் கதையை அம்மம்மா சொல்லுவது வேறு. அதை ஆதாரம் என்று வைப்பது வேறு. இன்னொரு பக்கம், இது முழுக்க விகாரை நின்ற இடம், கோயில் பிறகு வந்தது என்று எழுதுகிறவர்கள். இரண்டு பக்கமும் காட்டுவது மகாவம்சத்தின் ஒரே இடத்தை. மகாசேன மன்னன் கோகண்ண முதலிய இடங்களில் தேவாலயங்களை அழித்து விகாரைகள் கட்டினான் என்று அங்கே இருக்கிறது. விகாரை இருந்தது என்பதற்கு அது சாட்சி. அதற்கு முன் தேவாலயம் இருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி. பாதியை மட்டும் மேற்கோள் காட்டினால் இரண்டு பக்கமும் வெல்லலாம்.

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் கோணமாமலையைப் பாடிவிட்டார். சோழர் காலத்தில் இதே மாவட்டத்தில் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரோடு இருந்தது, அதற்குத் தமிழில் எழுதித் தானம் கொடுத்திருக்கிறார்கள். சிவனுக்கு நிலம் விட்ட அதே ஆட்சிக் காலத்தில், தமிழ் பேசுகிற ஆட்கள் புத்தருக்கு விளக்கு எரித்தார்கள். இந்த மண்ணின் கற்கள் இன்றைய கட்சிகளுக்கு வசதியாக வெட்டப்படவில்லை. எங்களிடம் இருக்கிற உண்மையான ஆதாரம் போதுமான அளவு பலமானது. அதன்மேல் விமான நிலையத்தைக் கட்டினால், 250 வேலியையும் சேர்த்துச் சிரித்துத் தள்ளுவார்கள்.

வாசல் கல் பற்றி இன்னொரு சிக்கலும் உண்டு. அதை அந்த இடத்தில் வைத்தது யார்? டி சா கட்டின கோட்டை அதிக நாள் நிற்கவில்லை. 1639-இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், அந்தக் கோட்டை இடிக்கப்பட்டது. 1665-இல் திரும்பி வந்து ஒல்லாந்தர் புதிதாகக் கட்டினார்கள். பிறகு 1782-இல் ஒரே வருசத்துக்குள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிப் பிடித்து, கடைசியில் 1795-இல் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1803-இல் பிரெட்ரிக் என்று பெயர் வைக்கப்பட்டது. ஆக ஒரு கோயில் கல் ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை இடம் மாறியிருக்கலாம். சுவரைப் பார்த்து, இது பறங்கி வைத்த கல் என்று கைகாட்டிச் சொல்ல அவசரப்படக்கூடாது.

அப்படி மாறின கல்லுக்கு நல்ல உதாரணம் மலை உச்சியில் தனியாக நிற்கிற தூண். பழைய கோயிலின் தூண் என்றுதான் அதைச் சொல்கிறார்கள். அதில் ஒல்லாந்த மொழியில் பிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் நினைவாக, 1687 என்று பொறித்திருக்கிறது. (குவேய்ரோஸ் தன் புத்தகத்தை முடித்த அதே வருசம்.) காதலன் கப்பலேறிப் போக இந்தப் பெண் மலையிலிருந்து குதித்தாள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லுவினம். ஒல்லாந்தப் பதிவுகளின்படி அவர் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து கலியாணமும் செய்திருக்கிறார். ஆனாலும் கதை சாகவில்லை. ஒரு சைவக் கோயில் தூண் ஒல்லாந்தப் பெண்ணின் பெயரோடு நிற்கிறது. ஆனால் அந்தத் தூணைச் செதுக்கின சிற்பியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கோயிலில் இருந்து காப்பாற்றப்பட்டவற்றின் பாதை வேறு. விக்கிரகங்கள் சில தம்பலகாமத்துக்குப் போய் ஆதிகோணேசர் கோயிலாயின என்பது மரபு. சில மண்ணுக்குள் போயின. 1950-இல் நகரசபை கிணறு ஒன்று தோண்டும்போது சோமாஸ்கந்தர், பார்வதி உள்ளிட்ட வெண்கலத் திருவுருவங்கள் வெளியே வந்தன. அவற்றைப் புதைத்தவர்கள் திரும்பி வந்து எடுக்கலாம் என்று நினைத்திருப்பார்கள். முந்நூறு வருசத்துக்கு மேல் ஆயிற்று. 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் மலையடிவாரக் கடலில் மூழ்கிச் செதுக்கிய கற்களையும் ஒரு இலிங்கத்தையும் கண்டார். அந்த இலிங்கம் இப்ப கோயிலில் இருக்கிறது. வில்சன் பிற்காலத்தில் சுவாமி சிவகல்கி என்று பெயர் மாற்றிச் சாமியாராகவே போய்விட்டார்.

வெண்கலமும் இலிங்கமும் பூசைக்குத் திரும்பிவிட்டன. கற்கள் திரும்பவில்லை. கோட்டை இன்னும் முகாமாக இருப்பதால் நின்று நிதானமாக அளந்து, வரைந்து, படமெடுக்க முடியாது. ஆனால் வாசல் எல்லாருக்கும் பொது. நாங்கள் போன மாசம் நாலு பேராகப் போய் நிலைக்கல்லுக்கு முன்னால் நின்றோம். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் கரடுமுரடான கருங்கல். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வெயில் சாய்ந்து விழுந்தபோது மீனின் முதுகு எழும்பி வந்தது, எழுத்துகளும் ஒன்றிரண்டாகப் பிடிபட்டன. பின்னால் நின்ற வான்காரர் ஹோன் அடித்துக்கொண்டே இருந்தார்.